ஐந்து இரவா, ஐம்பது சனிக்கிழமையா?

போன வருடம் நாங்கள் எடுத்த, யார் சொல்வது உண்மை என்று பிடிபடாத பதினான்கு நிமிடக் குறும்படத்தில் கதாநாயகனின் மணிக்கூடு ஒரு காட்சியில் இடக்கையில் இருக்கும், அடுத்த காட்சியில் வலக்கையில் இருக்கும். திரையிட்டு முடிந்ததும் பார்க்க வந்த ஒரு தம்பி எழும்பிக் கேட்டான்: “அண்ணை, மணிக்கூடு கை மாறின இடத்திலதானே மற்றவன் உள்ளுக்கு வாறான்?” பக்கத்தில் இருந்தவர் அதை ஏற்கவில்லை. மாறியது ஆள் இல்லை, அவனுடைய ஞாபகம்தான் என்றார். அரை மணித்தியாலம் இதே கதை. நடந்தது இவ்வளவுதான்: ரீ குடிக்கப் போனவன் கை கழுவுவதற்காக மணிக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, திரும்பி வந்து கை மாறிக் கட்டிவிட்டான். நாங்கள் நாலு பேரும் கவனிக்கவில்லை. நான் முன்னால் நின்றுகொண்டு, ஏதோ ஆழமான காரணம் இருப்பதுபோலத் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஒரு விடயம் விளங்கியது. நேரான கதையில் பிழை விட்டால் அது பிழை. “கவனிக்காமல் விட்டிட்டாங்கள்” என்று சிரித்துவிட்டு ஆட்கள் மேலே பார்ப்பார்கள். யார் சொல்வது உண்மை என்று தெரியாத கதையில் பிழை விட்டால் அது துப்பு. பார்ப்பவர் சந்தேகத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார், நாங்கள்தான் அப்படி உட்காரவைத்தோம். திரைச்சீலையின் நிறம் மாறினாலும் அதற்கொரு காரணம் தேடுவார். அந்தக் காரணம் எங்களிடம் இல்லை என்றால், எங்களை நம்பி வந்தவரை ஏமாற்றியதாகிவிடும்.

இப்போது கையில் மூன்றரை இலட்சம் ரூபா இருக்கிறது. பாதி எங்கள் சேமிப்பு, மீதி கனடாவில் இருக்கும் மச்சான் ஒருவர் தந்தது. எழுபது நிமிடப் படம் ஒன்று எடுக்க வேண்டும். கதையை முழுக்கச் சொல்ல மாட்டேன்: வீடு விற்க வந்த ஒரு பெண், அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இன்னொரு பெண். இவர்களில் யார் வந்தவர், யார் இருந்தவர் என்பது போகப் போக மாறும். இதை எப்படி எடுப்பது என்பதில்தான் இரண்டு மாதமாகச் சண்டை. நாலு வழிகள் மேசையில் இருந்தன. எது மலிவு என்று பார்க்கத்தான் தொடங்கினோம். எங்களுக்குத் தெரியாமலே பிழை நுழைய எந்த வழியில் இடம் குறைவு என்ற கேள்வி பேந்துதான் வந்தது. அதுதான் சரியான கேள்வி என்று நினைக்கிறேன்.

முதல் வழியைச் சொன்னவர் வங்கியில் வேலை செய்கிறார். அவருக்குச் சனிக்கிழமைகளை விட்டால் நேரமில்லை. கிறிஸ்டோபர் நோலனின் முதல் முழுநீளப் படமான ‘ஃபாலோயிங்’ அப்படித்தான் எடுக்கப்பட்டது. 1998இல் வந்த படம், ஏறக்குறைய 6,000 டொலர் செலவு. எல்லாரும் கிழமை நாட்களில் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் கிட்டத்தட்ட ஒரு வருடம் சனிக்கிழமைகளில் மட்டும் எடுத்தார்கள். 16 மில்லிமீற்றர் கறுப்பு வெள்ளைப் பிலிம். பெரும்பாலும் யன்னலால் வரும் வெளிச்சம். பிலிம் விலை என்பதால் நாடகம் போல நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டு ஒரு முறை, கூடினால் இரண்டு முறைதான் எடுத்தார்கள்.

இதில் எங்களுக்குப் பொருந்துகிற நன்மை நிறைய உண்டு. காசைச் சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். முதல் பத்து நிமிடத்தை வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டு, சரிவரவில்லை என்றால் அடுத்த சனிக்கிழமை திருத்தி எடுக்கலாம். இந்த வசதி மற்ற மூன்று வழிகளிலும் இல்லை.

ஆனால் ஒரு வருடம் என்பது யாழ்ப்பாணத்தில் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஐப்பசியில் முற்றம் பச்சை, பங்குனியில் அதே முற்றம் காய்ந்த புழுதி. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் தாடியோடு வருவார், தையில் மழித்துவிட்டு வருவார். பொங்கலுக்கு வீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளை அடிப்பார். நல்லூர்த் திருவிழா 25 நாளும் சுற்றுவட்டாரத்தில் ஒலி எடுக்க முடியாது. இதெல்லாம் பரவாயில்லை. நடிக்கிற பெண்ணுக்குக் கலியாணம் சரிவந்தாலோ, நடிக்கிற பொடியனுக்கு விசா கிடைத்தாலோ படம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எனக்குத் தெரிந்து இரண்டு படங்கள் அப்படிப் பாதியில் கிடக்கின்றன.

நோலன் இந்தச் சிக்கலைக் கெட்டித்தனமாகக் கடந்தார். அந்தப் படத்தில் காட்சிகள் கால ஒழுங்கில் வராது, கலைத்துப் போட்டிருக்கும். நாயகன் தலைமயிர் வளர்த்திருக்கிறானா, வெட்டிக் கோட் போட்டிருக்கிறானா, முகத்தில் அடிபட்ட காயம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் நாம் எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்று பிடித்துக்கொள்கிறோம். அதாவது உருவ மாற்றத்தையே வழிகாட்டிப் பலகையாக்கிவிட்டார். அதற்கு எந்த மாற்றம் எந்தக் கட்டத்தில் வரும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். மாறுவதெல்லாம் நம் கையில் இருக்க வேண்டும். எங்களுக்கு வாடையும் மாரியும் கையில் இல்லை.

இன்னொன்று. நாங்கள் கமராக் கார்ட்டில் எடுக்கிறவர்கள். பிலிம் முடிந்துவிடும் என்ற பயமே கிடையாது. கலியாண வீட்டு வீடியோ எடுத்துப் பழகிய கை என்னுடையது, நிறுத்தாது. பன்னிரண்டு முறை எடுப்போம், பன்னிரண்டிலும் ஏதாவது ஒன்று வித்தியாசமாக இருக்கும். ‘பிரைமர்’ என்ற காலப்பயணப் படத்தை 7,000 டொலரில் எடுத்தபோது பெரும்பாலான காட்சிகளை ஒரே முறைதான் எடுத்தார்களாம். 77 நிமிடம் ஓடுகிற அந்தப் படம் 2004இல் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர்களின் பெரிய விருதை வாங்கியது. நான் மூன்று முறை பார்த்தும் பாதிதான் விளங்கியது. ஆனால் எடுத்தவருக்கு விளங்கியிருக்கிறது என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். அந்தக் கஞ்சத்தனத்தை எங்களுக்கு நாங்களே விதித்துக்கொள்ள வேண்டும். எந்த வழியில் எடுத்தாலும் ஒரு காட்சிக்கு மூன்று முறைக்கு மேல் இல்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பார்ப்போம்.

இரண்டாவது வழி என்னுடையது. அதனால்தான் அதைக் கைவிட அதிக நாள் பிடித்தது. மணற்காடு.

பருத்தித்துறை தாண்டிப் போனால் கடற்கரையோடு மணல்மேடுகள், சவுக்கு மரங்கள், மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயம். கமராவை எங்கே வைத்தாலும் வடிவு. மனதில் இருந்த முன்மாதிரி ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’. 1962இல் வந்தது. கன்சாஸ் மாநிலத்தில் கல்விப்படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்த ஹேர்க் ஹார்வி, யூட்டாவில் உப்பு ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சோல்ட்எயர் என்ற களியாட்ட மண்டபத்தைப் பயணத்தில் கண்டு, அதைச் சுற்றியே ஒரு கதை பண்ணினார். ஏறக்குறைய 33,000 டொலர், மூன்று கிழமை. படத்தின் பயம் முழுக்க அந்த வெறுங்கட்டடத்தில் இருந்துதான் வருகிறது.

நாங்கள் ஒரு ஞாயிறு விடிய வெள்ளன மணற்காட்டுக்குப் போய்ச் சோதனைக்கு எடுத்துப் பார்த்தோம். அக்கா ஒருவர் மேட்டில் ஏறி, திரும்பிப் பார்த்து, மறுபக்கம் இறங்க வேண்டும். முதல் முறை அருமை. இரண்டாம் முறை எடுக்கும்போது பார்த்தால், ஏற வேண்டிய மேட்டில் ஏற்கெனவே ஒருவர் ஏறிய காலடி. துடைப்பத்தால் கூட்டினோம், கூட்டிய தடம் தெரிந்தது. வேறு மேடு தேடினோம். பின்னேரம் வெட்டி ஒட்டும்போது ஒரு துண்டில் காலடி இரண்டு வரிசை, இன்னொன்றில் இல்லவே இல்லை. எங்கள் கதையோ, இங்கே வேறு யாராவது வந்து போனார்களா என்பதைப் பற்றியது! காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மைக்குக்குப் போட்ட பஞ்சுறை எல்லாம் சோளகத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. உரையாடல் முழுவதையும் அப்புறம் டப்பிங் பேச வேண்டிவரும். ட்ரோன் பறக்கவிட்டால் வடிவாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் அனுமதி எடுக்க வேண்டும். அந்த அலைச்சலுக்கு எங்களில் யாருக்கும் நேரமில்லை.

ஆனால் நான் மணற்காட்டைக் கைவிட்டது காலடிக்காகவோ காற்றுக்காகவோ இல்லை. எடுத்த துண்டை அம்மாவுக்குக் காட்டினேன். இடிந்த சுவரைக் கண்டதும், “இது எந்தச் சண்டைக்குள்ள உடைஞ்சது?” என்று கேட்டார். மணல் மூடிய கட்டடம் அது. ஆனால் இங்கே கூரையில்லாத சுவர் ஒன்றைத் திரையில் காட்டினால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான் வரும். அமெரிக்கரின் வெறும் மண்டபம் பார்ப்பவரைக் குழப்புகிறது, ஏனென்றால் அது ஏன் வெறுமையாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் வெறும் வீட்டைப் பார்த்தால் எவருக்கும் குழப்பமே வராது. எந்த வருடம் வெறுமையானது, அந்தச் சனம் இப்போது எங்கே என்பது வரைக்கும் கதைப்பார்கள். கதை சொல்லத் தொடங்குமுன்பே இடம் தன் கதையைச் சொல்லி முடித்துவிடும். அந்தக் கதை பெரியது, அதை நேராகச் சொல்ல வேண்டும். யார் யார் என்ற கண்ணாமூச்சிக்குப் பின்சீலையாகத் தொங்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுப்படத்தையும் புகைப்படங்களாலேயே சொல்வது. கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’ 1962இல் அப்படி வந்தது. ஏறக்குறைய எல்லாமே அசையாத படங்கள், மேலே ஒரு குரல். கையில் கமரா ஒன்றும் நல்ல குரல் ஒன்றும் இருந்தால் போதும், இதைவிட மலிவு கிடையாது. ஆனால் அது 28 நிமிடப் படம். எழுபது நிமிடத்துக்கு இழுத்தால் ஆட்கள் நித்திரை கொள்வார்கள். பழைய அல்பம் வரும் இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

மிஞ்சியது வீடு.

ஜேம்ஸ் வார்ட் பேர்கிட்டின் ‘கோஹெரன்ஸ்’ 2013இல் வந்தது. தன் சொந்த வீட்டில், ஐந்து இரவில், எட்டு நடிகர்களை வைத்து எடுத்தார். செலவு 50,000 டொலர் அளவில். வால்வெள்ளி ஒன்று கடக்கும் இரவில் விருந்துக்கு வந்தவர்கள், தங்களைப் போலவே இன்னொரு கூட்டம் பக்கத்தில் இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். நடிகர்களிடம் முழு வசனமும் கொடுக்கவில்லை. அன்றன்றைக்கு அவரவர் பாத்திரத்துக்கு மட்டும் ஒரு துண்டு கொடுத்தார். மற்றவர் என்ன செய்யப் போகிறார் என்று அவர்களில் அநேகருக்குத் தெரியாது. ஆனால் இயக்குநருக்குத் தெரியும். ஒரு வருடம் அளவில் இருந்து கதைமுடிச்சுகளை வரைந்து வைத்திருந்தார். குழப்பம் நடிகர் முகத்தில் உண்மையாக வருகிறது, தாளில் குழப்பமே இல்லை.

எங்களிடம் இருப்பது கொக்குவிலில் அம்மம்மாவின் வீடு. நாற்சார் வீடு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் விறாந்தை, விறாந்தைக்குப் பின்னால் அறைகள். இந்த அமைப்பில் ஒரு விசேசம் இருக்கிறது. சாமியறைக் கதவால் போனவர் குசினிப் பக்கத்தால் வரலாம். நாலு பக்கத்துத் தூண்களும் ஒரே மாதிரி. கமராவை முற்றத்தில் வைத்து நாலு புறமும் திருப்பினால், எங்கிருந்து தொடங்கினோம் என்று எனக்கே தடுமாறியது, நான் பிறந்து வளர்ந்த வீட்டில். ஒரு சதம் செலவில்லாமல் கட்டடமே கதையைச் சுழற்றுகிறது.

நடிப்புத்தான் பயமாக இருந்தது. எங்கள் ஆட்கள் மேடையில் பழகியவர்கள், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று குரலெடுப்பார்கள். வசனம் இல்லாமல் விட்டால் என்ன செய்வார்களோ என்று ஒரு பின்னேரம் சோதித்தோம். இரண்டு அக்காமாரிடமும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். ‘இது உங்கள் வீடு. வந்திருப்பவரை மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.’ இரண்டு துண்டிலும் அதே வரிதான். ஒருவருக்கு மற்றவருடையது தெரியாது.

“இருங்கோ, ரீ போட்டுக்கொண்டு வாறன்” என்றார் ஒருவர்.

“ஐயோ, நீங்கள் இருங்கோ, நான் போடுறன். சீனி கூடவோ குறையவோ?”

“சீனி எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியுந்தானே.”

“நேற்று இடம் மாத்தி வச்சிட்டன்.”

இப்படியே நாற்பது நிமிடம். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. இருவரும் குசினி வாசலில் நின்று ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் நகரவில்லை. கேத்தில் கொதித்து வற்றிவிட்டது. எனக்கு முதுகில் குளிர் ஏறியது. நான் எழுதியிருந்த பதினெட்டுப் பக்க வசனத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. எங்கள் ஊரில் ஒருவரை வெளியே போகச் சொல்வதற்கும் உபசாரத்தைத்தான் பாவிப்போம் என்பது எனக்குத் தெரியும்தான், ஆனால் அது பயமாக இருக்கும் என்று தெரியாது.

செலவைப் பார்த்தால், பன்னிரண்டு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடும் இடையில் ரீயும் ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரத்தைத் தாண்டும். கமரா என்னுடையது. ஒலிப்பதிவுக் கருவியும் இரண்டு சட்டை மைக்கும் வாடகைக்கு. கரண்ட் போனால் ஜெனரேட்டர். ஜெனரேட்டரின் சத்தத்துக்கு நாலு வீடு தள்ளி நிறுத்த நீளமான வயர். எல்லாம் சேர்த்தாலும் ஐந்து இரவுக்கு இரண்டு இலட்சத்துக்குள் முடிகிறது. மீதி வெட்டி ஒட்டுவதற்கும் ஒலிக்கும்.

சின்னச் சின்னக் கண்ணிகளும் உண்டு. இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போது விநாடிக்கு 25 பிரேம் வைத்து, ஷட்டரை ஐம்பதில் ஒன்றிலோ நூறில் ஒன்றிலோ நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் கோடுகள் ஓடும், பார்ப்பவர் அதை ஆவி என்று நினைப்பார். பிரிஜ்ஜை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். நிறுத்தியதை மறக்காமலிருக்க மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வைத்துவிடுங்கள், திறப்பில்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. ஒவ்வொரு அறையிலும் ஆட்கள் பேசாமல் இருக்கும் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் எடுத்து வையுங்கள். கோயில் மணிதான் பெரிய ஆபத்து. நள்ளிரவுக் காட்சியில் பின்னேரப் பூசை மணி கேட்டால் ஊர்ச்சனம் உடனே பிடித்துவிடும். பூசை நேரத்தை மணிக்கூடு போலப் பாவிக்கிறவர்கள் இவர்கள்.

அப்புறம் அந்த மணிக்கூட்டுப் பிழையை இந்த முறை வேண்டுமென்றே செய்யப் போகிறோம். ‘கோஹெரன்ஸ்’ படத்தில் ஒளிரும் குச்சிகளின் நிறம், எந்த வீட்டு ஆட்கள் என்று காட்டிக்கொடுக்கும். எங்களிடம் அம்மம்மாவின் மூக்குப்பேணி, அதாவது மூக்கு வைத்த குவளை, இருக்கிறது. வந்தவரின் உண்மையில் அதன் மூக்கு கிணற்றுப் பக்கம் பார்க்கும், இருந்தவரின் உண்மையில் வாசல் பக்கம். ஒருவரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். கவனித்தவர் கவனிக்கட்டும். ஆனால் எந்தக் காட்சியில் எந்தப் பக்கம் என்பது ஒரு கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறது. யார் உண்மையில் யார் என்பதும் அதே கொப்பியில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதை எழுத மூன்று கிழமை சண்டை பிடித்தோம். “பார்க்கிறவையே முடிவெடுக்கட்டும், நாங்கள் ஏன் எழுதவேணும்?” என்று ஒருவர் கேட்டார். நாங்கள் முடிவெடுக்காவிட்டால் பேணியை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர்தான் அந்தக் கொப்பிக்குக் காவல்.

இப்படியான படம் எங்கள் சனத்துக்கு விளங்காது என்று சொல்கிறவர்களும் உண்டு. 1954இல் எஸ். பாலச்சந்தர் ஒரு கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்ல வைத்து, பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார். தமிழில் வந்து எழுபது வருடம் ஆகிவிட்டது. அதனால் அந்தக் கவலையை நான் படவில்லை.

வீட்டு வழிக்கு இருக்கும் உண்மையான குறை வேறு. திரும்பப் போக முடியாது. மாமா சித்திரைக்கு வெளிநாட்டில் இருந்து வருகிறார், வீடு கைமாறும். ஐந்தாம் இரவில் ஒரு காட்சி விடுபட்டால் விடுபட்டதுதான். சனிக்கிழமை வழியில் இருக்கும், திருத்தி எடுக்கிற அந்த வசதியை இங்கே முழுக்க இழக்கிறோம். இரவு மூன்று மணிக்குக் களைத்த கண்ணுக்குப் பேணியின் மூக்கும் தெரியாது. அதற்காக ஒன்று செய்கிறோம்: இரண்டு சனிக்கிழமை அதே வீட்டில், அதே ஆட்களோடு, போனில் முழுப்படத்தையும் ஒருமுறை பரும்படியாக எடுத்து ஒட்டிப் பார்ப்பது. ஓட்டை எங்கே என்று அதில் தெரிந்துவிடும். வங்கிக்காரர் தன் சனிக்கிழமைகள் முழுக்கத் தோற்கவில்லை என்று சந்தோசப்பட்டார்.

நாள் மாசிக் கடைசி. மாரி விட்டிருக்கும், தவளைச் சத்தம் குறைந்திருக்கும், சோளகம் தொடங்க இன்னும் நாளிருக்கும். பக்கத்து வீட்டு மாமியிடம் ஐந்து இரவும் வெளிச்சமும் ஆட்களுமாக இருக்கும் என்று சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்ன படம் என்று மட்டும் கேட்டார். அவருடைய சேவல் ஒவ்வொரு நாளும் இரண்டரை மணிக்கே கூவத் தொடங்குகிறது. அதை அந்த ஐந்து நாளும் எங்கே கொண்டுபோய் விடுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.